இன்றைய நஷ்டம்

எம்.டி.ஆர். ஓட்டலுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு திங்கட்கிழமை. பெங்களூரில் குடியிருப்பவர்கள் இந்த வரியிலேயே சிரித்துவிட்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லால்பாக் சாலையில் இருக்கும் அந்தத் தாய்க்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

தனியாகப் போயிருந்தால் இந்தச் சங்கதி என்னோடு போயிருக்கும். கூட மாமனார் இருந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து விடிகாலை இறங்கியவரை, பல் மட்டும் விளக்கவிட்டு, “வாங்க மாமா, ரவா இட்லி பொறந்த வீட்டுலயே உங்களுக்கு ரவா இட்லி வாங்கித் தர்றேன்” என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். போய் இறங்கினால் கதவு சாத்தியிருந்தது. ஒரு பலகையில் கன்னடத்தில் என்னவோ எழுதியிருந்தது. எனக்குக் கன்னடம் தெரியும். அதாவது ஆட்டோக்காரரிடம் வலது, இடது, நிறுத்து சொல்லத் தெரியும். படிக்கத் தெரியாது. அதை மாமனாரிடம் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

“பத்து நிமிஷத்துல திறப்பாங்கன்னு போட்டிருக்கு மாமா.”

முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் சொன்னார்: “இன்னிக்கு லீவுண்ணா. அதான் எழுதிப் போட்டிருக்கே.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் மாப்ளே, பத்து நிமிஷம்னு எந்த மொழியில போட்டிருந்துச்சு?”

அன்றைய காலை உணவு லால்பாக் பாறைமேல் உட்கார்ந்து தின்ற, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரிக்காய். அது சுமார் 300 கோடி வருடத்துப் பாறை, உச்சியில் நிற்பது கெம்பே கவுடர் காலத்துக் கோபுரம் என்று எடுத்துவிட்டேன். “அது அத்தனை வருஷமா உக்காந்திருக்கு. நாம ஒருநாள் பொறுக்க மாட்டமா? நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார் மாமா. நல்ல மனுஷர். ஆனால் நினைவாற்றல் அதிகம். அதுதான் சிக்கல்.

ஏனென்றால் என் சரித்திரம் முழுக்க அவருக்குத் தெரியும். எங்கள் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை ஒட்டி ஒரு டிபன் கடை வைத்திருந்தார். காலை நாலு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். கேரளாவுக்குப் போகிற லாரிகளில் மூட்டை ஏற்றிவிட்டு வரும் லோடுமேன்கள் ஆளுக்கு எட்டு, பத்து என்று தின்றுவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருடம் நடந்த கடை. அப்பாவுக்கு முட்டிவலி வந்து, 2003-ல் கல்லாச் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் பி.காம். படித்தவன். பதினோரு மாதத்தில் மூடினேன். அதன்பிறகு பெங்களூரில் வேலை கிடைத்தது. எந்தப் பிரிவில் என்று கேட்காதீர்கள். கணக்குப் பிரிவில்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். கூட்டம் இருந்தது. முந்தின நாள் போன மானத்தை மீட்க எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் வரலாறு. பத்திரிகைக்கு எழுதுவதற்காகப் படித்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன்.

“மாமா, இவங்க உடுப்பிப் பக்கம் கோட்டாவுக்குப் பக்கத்துல பரம்பள்ளிக்காரங்க. சிவராம காரந்த் பொறந்த ஊர்ப்பக்கம். பரமேஸ்வர மையா, கணப்பையா மையா, யக்ஞநாராயண மையான்னு அண்ணன் தம்பிங்க. 1920 வாக்குல பெங்களூருக்குப் பெரிய மனுஷங்க வீட்டுல சமையல் வேலைக்கு வந்தாங்க. வேலை பார்த்த வீட்டுக்காரர் உதவியோட 1924-ல சின்னதா ஒரு கடை. சமையல்காரங்களா வந்தவங்க முதலாளி ஆகி நூறு வருஷம் தாண்டிருச்சு. அண்ணன் தம்பி ஒத்துமையைப் பாருங்க.”

மாமா தலையை ஆட்டினார். “ஒத்துமை முக்கியம்தான். உங்கப்பாவோட கிரைண்டர் கடைசியில யார்கிட்ட இருக்கு?”

நாங்களும் அண்ணன் தம்பி மூன்று பேர். கடையை மூடியபோது அந்த கிரைண்டர் யாருக்கு என்பதில் இரண்டு தீபாவளிக்கு ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. இப்போது கல் ஒரு வீட்டிலும், மோட்டார் ஒரு வீட்டிலும் இருக்கிறது. குழவி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பேச்சை மாற்றினேன். “அப்ப கடைக்குப் பேரு பிராமின் காபி கிளப். அந்தக் காலத்துல ஓட்டல் பலகையில சாதி இருக்கிறது சகஜம். அப்புறம் 1960-ல இப்ப இருக்கிற இந்தக் கட்டடத்துக்கு வந்தப்போ மாவள்ளி டிபன் ரூம்ஸ்னு மாத்தினாங்க. மாவள்ளிங்கிறது இந்தப் பேட்டையோட பேரு. பலகையில இருந்து சாதி போயி ஊர் வந்துச்சு. பேர் வைக்கிறதுன்னா இப்படி வைக்கணும்.”

“நீ வச்ச பேர் என்ன மாப்ளே? எனக்கு மறந்துபோச்சு.”

அவருக்கு மறக்கவில்லை. அப்பாவின் கடைக்குப் பலகையே கிடையாது. எல்லாருக்கும் அது ‘ராவுத்தர் கடைக்கு எதுத்த கடை’. நான் பொறுப்பேற்றதும் செய்த முதல் சீர்திருத்தம், 3,500 ரூபாய்க்கு ஒரு ஃப்ளெக்ஸ் பலகை: ‘ஹோட்டல் நியூ கிங்’. படத்துக்கு என்ன போடட்டும் என்று அச்சடிப்பவர் கேட்டார். நல்லதா ஒண்ணு போடுங்க என்றேன். அவர் தந்தூரிக் கோழியைப் போட்டுவிட்டார். ஒரு மாதம் லோடுமேன்கள் காலை நாலு மணிக்கு வந்து, “தம்பி, பலகையில இருக்கிறது எப்ப வரும்?” என்று கேட்டுவிட்டு இட்லி தின்றார்கள்.

தோற்றவன் மேலும் பேசுவான். நானும் பேசினேன். யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து, இங்கே சமையலறையைத் திருத்தினார். பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். சுத்தம் பற்றி வாடிக்கையாளர்களுக்குச் சிறு புத்தகம் போட்டே கொடுத்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையல்கட்டைப் பார்த்தபடியே உள்ளே போகும் வழக்கமும் இந்தக் கடைக்கு உண்டு. பெரும்பாலான ஓட்டல்களில் சமையல்கட்டு மறைக்கப்படுகிற இடம். இவர்கள் அதைத் திறந்து காட்டினார்கள். காட்டத் துணிந்தபின் அழுக்காக வைத்திருக்க முடியாது. சுத்தத்துக்கு இதைவிடப் பெரிய மேஸ்திரி வேண்டாம்.

“நீயும் மதுரைக்குப் போயிருந்தியே மாப்ளே, ஓட்டல் நடத்துறது எப்படின்னு பாக்கிறதுக்கு.”

போயிருந்தேன். மூன்று நாள். கல்லாவில் எண்ணூறு ரூபாய் எடுத்துக்கொண்டு, கையில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு. முதல் நாள் நாலு கடை, இரண்டாம் நாள் ஆறு கடை. மூன்றாம் நாள் லாட்ஜைவிட்டு வெளியே வர முடியவில்லை. குளுக்கோஸ் குடித்துப் படுத்திருந்தேன். நோட்டில் கடைசியில் மிஞ்சியது ஒரே குறிப்பு: ‘பல்குச்சி வைக்க வேண்டும்.’ வைத்தேன். அதைக் காது குடைய எடுத்துப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவே ரவா இட்லிக்கு வந்தேன். அது என் துருப்புச்சீட்டு. “இரண்டாம் உலகப் போர் மாமா. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். பர்மா அரிசி நின்னுபோச்சு. அரிசி இல்லாம இட்லிக்கடை எப்படி நடத்துறது? இங்கே என்ன செஞ்சாங்க தெரியுமா? கோதுமை ரவையை எடுத்தாங்க. நெய்யில வறுத்து, கடுகு, பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி தாளிச்சுப் போட்டு, தயிர் ஊத்திக் கலந்து, சோடா உப்புல உப்ப வச்சு ஆவியில வேக வச்சாங்க. ஆட்ட வேண்டாம், ராத்திரி பூரா புளிக்க வைக்க வேண்டாம். பஞ்சத்துல பொறந்த பலகாரம். எம்.டி.ஆர். சொல்ற கதை இதுதான். பஞ்சம் போயிருச்சு, ரவா இட்லி நின்னுருச்சு. சரக்கு தட்டுப்பாடானா நல்ல மூளைக்காரன் என்ன செய்வான்? புதுசா ஒண்ணு கண்டுபிடிப்பான்.”

“நீயும் கண்டுபிடிச்சியே, உளுந்து விலை ஏறினப்ப.”

இதை அவர் சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உளுந்து விலை ஏறியபோது நான் செய்த கண்டுபிடிப்பு, உளுந்தைக் குறைப்பது. நாலு படி அரிசிக்கு ஒரு படி என்று அப்பா வைத்திருந்த கணக்கை ஆறுக்கு ஒன்றாக மாற்றினேன். “தம்பி, இட்லி எந்திரிக்காது” என்று மாஸ்டர் சொன்னார். சோடா உப்பைக் கூடப் போடுங்க என்றேன். மறுநாள் ஒரு லாரி டிரைவர் இரண்டு இட்லியைப் பொட்டலமாகக் கட்டச் சொன்னார். வழியில் சாப்பிடவா அண்ணே என்று கேட்டேன். “இல்ல தம்பி, மலையில ஏறும்போது வண்டி பின்னால உருண்டா சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கலாம்” என்றார்.

இந்தக் கதையை மாமா தன் பாணியில் சொல்லிமுடித்து, பக்கத்து பெஞ்சில் இருந்த தமிழ்க்குடும்பமும் சேர்ந்து சிரித்து அடங்கியபோதுதான் கவனித்தேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். வரலாறு சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்குக் கேட்கவில்லை. மறுபடி பெயர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இம்முறை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு நாலு நிமிஷம் நின்றது.

ஏனென்றால் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருந்தது. நான் இந்தக் கடையைப் பற்றி எழுத ஆசைப்பட்டதே அந்தக் கதைக்காகத்தான்.

நெருக்கடி நிலைக் காலம். ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த விலைக்கு விற்றால் கட்டாது. கட்ட வேண்டுமானால் நெய்யில் கை வைக்க வேண்டும், காபியில் கை வைக்க வேண்டும். மையா குடும்பம் எதிலும் கை வைக்கவில்லை. சொன்ன விலைக்கு, பழைய தரத்திலேயே விற்றார்கள். அதோடு, ஒவ்வொரு நாளும் எவ்வளவு நஷ்டம் என்று வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தார்கள் என்பது பெங்களூரில் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லும் கதை. சாப்பிட்டுவிட்டு வருகிறவன் கையைத் துடைத்துக்கொண்டே அந்தத் தொகையைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு ஓட்டலை மூடினார்கள். மூடிவிட்டு, மாவும் மசாலாப் பொடியும் கலந்து பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். காலம் மாறியதும் ஓட்டலை மறுபடி திறந்தார்கள். அந்தப் பொட்டலம் ஓட்டலைவிடப் பெரிதாக வளர்ந்தது. 2007-ல் அந்தப் பிரிவை நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஓட்டல்கள் குடும்பத்திடமே நின்றன. ஹேமமாலினி மையா, விக்ரம், அரவிந்த் என்று அடுத்த தலைமுறை நடத்துகிறது. பெங்களூருக்குள் கிளைகள் போட்டு, 2013-ல் சிங்கப்பூர் செராங்கூன் சாலைக்கும் போய்விட்டார்கள்.

அந்தப் பொட்டலத்தோடு எனக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ரவா இட்லி மிக்ஸ். தயிர் ஊற்றிக் கலக்கு, கொஞ்ச நேரம் வை, ஆவியில் வேக விடு. ஓட்டல்காரன் மகனுக்கு இது ஒரு வேலையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கலந்தேன், தட்டில் ஊற்றினேன், கொப்பரையில் வைத்து மூடினேன், பேப்பர் படித்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பிறகு பற்றவைத்தேன். ஆனால் சோடா உப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உப்பிய காற்றெல்லாம் போய், வெந்து வந்தது உப்புமாக் கட்டி. எங்கோ நார்வேயில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

ஆனால் நான் மாமாவிடம் சொல்ல வந்தது பொட்டலம் பற்றி அல்ல, அந்தப் பலகை பற்றி. “நஷ்டத்தை வாசல்ல எழுதி வைக்க எவ்வளவு தைரியம் வேணும் மாமா! நானா இருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் என்ன செய்தேன் என்றால், மறைத்தேன். ராத்திரி அப்பா “எப்படிடா போகுது?” என்று கேட்டால், “பரவாயில்லப்பா, தேறி வருது” என்பேன். தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டினேன். டிகாக்ஷனை இரண்டாம் தரம் இறக்கினேன். நஷ்டத்தைப் பலகையில் எழுதவில்லை, சட்னியில் எழுதினேன். அதை மார்க்கெட் முழுக்கப் படித்தது, எங்கள் வீட்டைத் தவிர என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை வேறு. சில நாள் ராத்திரி கல்லாவை எண்ணும்போது கணக்கைவிட ஐம்பது ரூபாய், அறுபது ரூபாய் கூடுதலாக இருக்கும். பி.காம். மூளைக்குக் காரணம் புரியவில்லை. வியாபாரம் திரும்புகிறது என்று முடிவு செய்தேன். இந்தக் கூடுதல் பணத்தை மாமாவிடமும் சொன்னேன், கடை ஒன்றும் அவ்வளவு மோசமாக நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது உங்கப்பா போட்டது” என்றார்.

“எது?”

“சாயங்காலம் காபி குடிக்க வருவாருல்ல? நீ சரக்கு எடுக்க உள்ளே போற நேரம் பாத்து கல்லாவுல போட்டுட்டு வருவாரு. என்கிட்டதான் சொன்னாரு. பய நஷ்டத்தைச் சொல்ல மாட்டேங்கிறான், கேட்டா தேறுதுங்கிறான், அவனாச் சொல்றவரைக்கும் பாப்போம்னு. எதுக்கு மச்சான் இதுன்னு நான் கேட்டேன். ‘காபி குடிச்சா காசு குடுக்கணும்ல’ன்னாரு. அந்தக் காபியையும் பாதியிலதான் வச்சிருவாரு.”

நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள். கேட்டது. மாமாதான் கையைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

ரவா இட்லி வந்தது. தலையில் ஒரு முந்திரி. பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, கொத்தமல்லிச் சட்னி, சின்னக் கிண்ணத்தில் நெய். எங்கள் ஊர் இட்லி மாதிரி இது வாயில் கரைந்து ஓடாது. ரவை ஒவ்வொன்றும் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். சூட்டில் நெய்யை ஊற்றினால் உள்ளே இறங்கி, கீழ்ப்பக்கம் தட்டில் தலைகாட்டும். மாமா இரண்டாவது கேட்டு வாங்கினார். நானும் கேட்டிருப்பேன், கன்னடத்தில் ‘இன்னொன்று’ என்பதற்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்ததில் சப்ளையர் போய்விட்டார். வெள்ளித் தம்ளரில் காபி வந்தது. நான் முழுசாகக் குடித்தேன்.

பில்லை நான்தான் கொடுப்பேன் என்று சட்டைப்பையில் கைவிட்டேன். பர்ஸ் வீட்டில். மாமா கொடுத்தார். “குறிச்சு வச்சுக்க மாப்ளே” என்றார்.

வைத்துக்கொண்டேன். இப்போது என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் அன்றைய நஷ்டத்தை எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் காலையில் படித்துச் சிரிக்கிறார்கள். நேற்று எழுதியது: ‘பால் பொங்கி வழிந்தது, அரை லிட்டர். அலுவலகத்தில் கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டு அதே தப்பை மேலதிகாரிக்கு விளக்கினேன். தம்பிக்கு போன் செய்ய நினைத்தேன், செய்யவில்லை. மாமனாருக்குப் பாக்கி: ஒரு டிபன்.’

நீங்கள் மாவள்ளிக்குப் போவதாக இருந்தால் போய் வாருங்கள். கிளம்புமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.